சாமை திங்கறது ஈஸி, குத்தறதுதான் பாடு – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் கொல்லிமலை சாமை பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வாட்ஸப்லயும் மெயில்லயும் வந்து குவிஞ்சத பாத்தா இந்த மாசம் பக்கம் முழுக்க மலைச்சோறுதான், வேற வழி இல்ல. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: நான் ராசிபுரம் பக்கத்து ஆளு, விதை, சிறுதானியம்னு ஒரு பதினஞ்சு வருஷம் மலை ஊருங்கள்ல அலைஞ்சிருக்கேன், அவ்ளோதான். டாக்டரும் இல்ல, விஞ்ஞானியும் இல்ல, மருந்து கேட்டு எழுதாதீங்க.

கேள்வி: "ஏழை சாப்பாடு"ங்கறாங்க, ஆனா கடையில சாமை பொன்னி அரிசிய விட டபுள் ரேட். விளைவிக்கற மலை ஜனங்களே இப்ப ரேஷன் அரிசிதான் சாப்பிடறாங்கன்னு வேற எழுதியிருந்தீங்க. அவ்ளோ நல்ல சாப்பாட்ட எப்படி மறந்தாங்க? (மடிப்பாக்கத்துல இருந்து ஒரு வாசகி)

மறக்கலைங்க. கை வலிச்சுது, விட்டுட்டாங்க.

இது புரியணும்னா மொதல்ல ஒரு விஷயம் தெரியணும், நம்ம ஆளுங்க கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு எல்லாத்தையும் "சிறுதானியம்"னு ஒரே மூட்டைல கட்டிடறாங்க, ஆனா அதுல ரெண்டு ஜாதி இருக்கு. கேழ்வரகு, கம்பு, சோளம் இதெல்லாம் கதிர அடிச்சாலே மணி வெளிய வந்துடும், அப்படியே திரிச்சா மாவு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு இதெல்லாம் அப்படி இல்ல, நெல்லு மாதிரி உமியோட இருக்கும், உமி போனாத்தான் அரிசி. நெல்லுக்காவது மணி பெருசு, சாமை மணி எவ்ளோ இருக்கும், கடுகு பக்கத்துல வச்சா கடுகு பெருசா தெரியும். அந்தத் துளியூண்டு மணிக்கு மேல கெட்டி உமி. அத உரல்ல போட்டு உலக்கையால குத்தி எடுக்கணும்.

நான் ஒரு தடவ குத்திப் பாத்தேன். கொல்லிமலைல வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு வீடு, மத்தியானத்துக்கு சாமைச் சோறு போடறேன்னு அந்த ஆயா சொல்லிடுச்சு, நானும் பெரிய இவன் மாதிரி "குடுங்க ஆயா நான் குத்தறேன்"னு உலக்கைய வாங்கினேன். பத்து நிமிஷம். உள்ளங்கைல கொப்புளம், தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி, உரல்ல பாத்தா பாதி மணி உமியோடவே என்னப் பாத்து சிரிக்குது. "ஏங் கண்ணு, நீ போயி எழுதற வேலைய பாரு"ன்னு உலக்கைய புடுங்கிடுச்சு. அப்புறம் மருமகளும் அதுவும் ஒரே உரல்ல மாத்தி மாத்தி குத்தினாங்க, ஒருத்தர் உலக்கை மேல போறப்ப இன்னொருத்தர் உலக்கை இறங்குது, ஒவ்வொரு குத்துக்கும் வாயில "உஸ்ஸ்"னு ஒரு மூச்சு, அந்த மூச்சுதான் தாளம், அது தப்புனா உலக்கை உலக்கைல மோதும். குத்தி, முறத்துல புடைச்சு, உமி பறக்க விட்டு, குத்துப்படாதத நாவிப் பிரிச்சு, மறுபடி உரல்ல போட்டு, மறுபடி புடைச்சு, மூணு சுத்து போச்சு. ஒரு வேளைக்கு, ஒரு குடும்பத்துக்கு. இது விடியக்காலைல எந்திரிச்சு பொம்பளைங்க செய்யற வேலை, அதுக்கப்புறந்தான் தண்ணி, மாடு, காடு எல்லாம்.

இப்ப யோசிங்க. 2008ல ரேஷன்ல அரிசி கிலோ ஒரு ரூபா ஆச்சு, 2011ல இலவசமே ஆயிடுச்சு. ஒரு பக்கம் குத்தி வெளுத்த அரிசி காசில்லாம வீட்டுக்கு வருது, இன்னொரு பக்கம் உரல். நீங்களா இருந்தா எந்தப் பக்கம் போவீங்க? நான் அரிசிப் பக்கம்தான் போவேன், பொய் சொல்ல மாட்டேன். "பாரம்பரியத்த தொலைச்சுட்டாங்களே"ன்னு மேடைல உருகுற ஆளுங்கள்ல எத்தன பேரு உலக்கை தூக்கியிருப்பாங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம் உண்டு.

ஊர்ல கேழ்வரகு களி இன்னும் இருக்கு, சாமைச் சோறு குறைஞ்சு போச்சு, ஏன்னு கேட்டா பெரிய காரணம் இந்த உமிதான். கேழ்வரக எந்த மாவு மில்லுலயும் அரைச்சிடலாம். சாமைய நெல்லு மில்லுல போட்டா தூளா போகும், இல்லன்னா உமியோடவே வெளிய வரும். அதனாலதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைல விதைய மட்டும் சேத்து வைக்காம, சாமை உடைக்கற மில்லயும் கொண்டுவந்து மகளிர் குழுக்கள் கைல குடுத்தாங்க. என்னக் கேட்டா அந்த மலைல சிறுதானியத்துக்கு நடந்த உருப்படியான காரியம் அதுதான். ரேட்டு டபுளா இருக்கறதுக்கும் இதே கதைதான், ஒரு கிலோ சாமைய உடைச்சா முக்கால் கிலோ அரிசி கூட தேறாது, அப்புறம் மில்லு கூலி, கல்லு பொறுக்கற கூலி, மலை எறக்கற வண்டி வாடகை, நடுவுல நாலு கை. வெதச்சவனுக்குப் போறது இதுல கொஞ்சம்தான்.

கேள்வி: கொல்லிமலைல "மலையாளி" ஜனங்கன்னு எழுதறீங்களே, கேரளாவுல இருந்து வந்தவங்களா? (திருச்சி வாசகர்)

இல்லவே இல்ல. மலைய ஆளறவங்க மலையாளி. தமிழ்தான் பேசறாங்க, காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து முன்னோருங்க மலையேறுனதா அவங்களே கதை சொல்லுவாங்க. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைலயும் இருக்காங்க.

கேள்வி: நான் காலேஜ்ல சூழலியல் படிக்கறேன். மலைவாசிங்க காட்ட எரிச்சு விவசாயம் பண்றது காட்டுக்குக் கேடுன்னு எங்க பாடத்துல இருக்கு. நீங்க அத பாரம்பரியம்னு தூக்கிப் புடிக்கறது சரியா? (ஈரோடு மாணவி)

நான் தூக்கியும் புடிக்கல, போட்டும் ஒடைக்கல தங்கச்சி. விஷயத்த பாப்போம்.

மழைக்காட்டு மண்ணு பாக்க கருகருன்னு இருக்கும், ஆனா நிறைய எடத்துல சத்து மண்ணுல இல்ல, மரத்துலயும் இலையிலயும் தான் நிக்குது, அடிக்கற மழைக்கு மண்ணுல இருக்கறது கரைஞ்சு போயிடும். அதனால ஒரு துண்டு காட்ட வெட்டி, காயவிட்டு, எரிச்சா அந்த சாம்பல்ல மரத்தோட சத்து மண்ணுக்கு வரும், களை விதையும் கருகும், உழவே வேணாம், குச்சியால குத்தி விதைச்சாலே போதும். ஒண்ணு ரெண்டு வருஷம் நல்லா விளையும், அப்புறம் சத்து குறையும், களை ஏறும், அந்தத் துண்ட அப்படியே போட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போவாங்க. விட்ட எடத்துல காடு திரும்ப வளரும். இதுக்கு நம்ம பழைய பேரு புனம், நீலகிரி சத்தி பக்கம் கொத்துக்காடும்பாங்க, இலங்கைல சேனைம்பாங்க.

சூட்சுமம் எல்லாம் அந்த "அப்படியே போட்டுட்டு"ல இருக்கு. பத்து பதினஞ்சு வருஷம் சும்மா கெடந்தா காடு தாங்கும். ஜனம் கூடி, நிலம் சுருங்கி, மூணு வருஷத்துல அதே எடத்துக்கு திரும்பி வந்தா தாங்காது. உங்க பாடம் சொல்றது ரெண்டாவது கதை, மொத கதைய விட்டுட்டாங்க. அந்த நிலம் ஏன் சுருங்குச்சுன்னும் பாருங்க, 1882ல மெட்ராஸ் வனச் சட்டம் வந்துச்சு, காடு "ரிசர்வ்" ஆச்சு, மரம் கப்பலுக்கும் ரயில் கட்டைக்கும் போச்சு, புனம் வெட்டினவன் மேல கேஸு.

இன்னொண்ணு, எங்க மலைல இல்ல, சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவுல பிலிகிரி ரங்கன் மலை. அங்க சோளகர் ஜனங்க வருஷாவருஷம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே காட்டுத்தரைல கெடக்கற சருக மட்டும் லேசா எரிச்சு விடுவாங்க, "தரகு பெங்கி"ன்னு பேரு, சருகுத் தீன்னு அர்த்தம். ஈரம் இருக்கறப்ப வைக்கற தீ, முட்டி ஒசரம்தான் எரியும், மரத்த தொடாது. 1974ல அந்த மலை சரணாலயம் ஆச்சு, புனமும் போச்சு, தீயும் போச்சு. அப்புறம் என்னாச்சுன்னா உண்ணிச்செடி ஆள் ஒசரத்துக்கு காடு முழுக்க ஏறிடுச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி மண்டிடுச்சு, இப்ப தீ புடிச்சா அந்த உண்ணிச்செடி மேல ஏறி மரமே எரியுது. நாங்க வச்ச சின்னத்தீய நிறுத்துனீங்க, பெருந்தீ வந்துடுச்சுன்னு சோளகருங்க சொல்லிட்டே இருந்தாங்க, ஆராய்ச்சி பண்றவங்களும் பின்னாடியே அந்த எடத்துக்கு வந்து நின்னாங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல 2011ல அவங்களுக்கு காட்டு மேல சமூக உரிமை கெடச்சுது, நாட்டுலயே ஒரு புலிகள் காப்பகத்துக்குள்ள அப்படி கெடச்சது அதுதான் மொதல் தடவ.

எக்ஸாம்ல என்ன எழுதணும்னு கேட்டா உங்க பாடத்துல இருக்கறத எழுதுங்க, மார்க்கு முக்கியம்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் மரவள்ளிதான் மலை ஜனங்களோட ஆதி உணவுன்னு அடிச்சு சொல்றாரு. பந்தயம் கட்டியிருக்கேன். (சேலம் வாசகி)

பந்தயக் காச வாங்கிக்கங்க. நம்ம சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கும்போம், நாகர்கோவில்ல மரச்சீனி, பேரு எத்தனை இருந்தாலும் சரக்கு தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. திருவிதாங்கூர்ல 1880லருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு உதவும்னு ஊர் ஊரா நட வச்சாரு. நம்ம பக்கம் ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னு போச்சு, சேலத்துக்காரங்க குச்சிக்கிழங்குல இருந்து ஜவ்வரிசி எடுக்க ஆரம்பிச்சாங்க, அங்க புடிச்ச தொழில் 2023ல புவிசார் குறியீடு வாங்கற வரைக்கும் வந்துருக்கு.

கொல்லிமலைல சாமை வெதச்ச சரிவெல்லாம் குச்சிக்கிழங்கா மாறினது இந்த ஜவ்வரிசி ஃபேக்டரிக்காகத்தான். வீட்ல வேகவச்சு திங்க இல்ல, லாரில ஏத்தி கீழ அனுப்ப. குத்த வேணாம், புடைக்க வேணாம், புடுங்கி ஏத்துனா கைல காசு, பள்ளிக்கூட ஃபீஸு கட்டலாம். அத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சரிவுல கிழங்கு புடுங்கறப்ப மண்ணக் கெளறித்தான் ஆகணும், அடுத்த மழைக்கு அந்த மண்ணு ஓடைல போகுது, ஃபேக்டரி ரேட்டு எறங்குன வருஷம் கிழங்க வச்சுட்டு முழிக்கவும் முழிக்கறாங்க.

அதோட பிறந்த ஊரு கதை கேளுங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. அமேசான் காட்டுக்குள்ள இருக்கற ஊருங்கள்ல இதுதான் சோறு, அதுவும் கசப்பு ரகம், அப்படியே தின்னா சயனைடு விஷம், ஆளக் காலி பண்ணிடும். அந்தப் பொம்பளைங்க என்ன பண்றாங்க, கிழங்க துருவி, நாரால பின்னின நீள உறை ஒண்ணு, ஆள் ஒசரம் இருக்கும், "திப்பிட்டி"ன்னு பேரு, அதுக்குள்ள துருவல அடைச்சு மரத்துல தொங்க விட்டு கீழ் முனையில கட்டைய மாட்டி அது மேல உக்காருவாங்க. உறை நீள நீள உள்ள இறுகும், விஷச்சாறு பொலபொலன்னு ஊத்தும். மிச்சத்த கல்லுல தட்டிப் போட்டா ரொட்டி. அந்தச் சாறையும் கீழ ஊத்தறதில்ல, அடில படியற மாவத் தனியா எடுத்துட்டு மேல நிக்கற சாற நல்லா கொதிக்க வச்சு விஷம் போக்கி குழம்பாக்கிடுவாங்க. "டேப்பியோக்கா"ங்கற வார்த்தையே அங்க இருக்கற துப்பி பாஷை வார்த்தைதான். யாரு இத கண்டுபுடிச்சான்னு யோசிச்சா தலை சுத்தும், எத்தனை பேரு வயித்தப் புடிச்சுட்டு விழுந்திருப்பாங்க.

நம்ம வீட்டுக்கு இவ்ளோ வேணாம், தோல தடியா சீவி, துண்டு போட்டு, நிறைய தண்ணில மூடாம வேகவச்சு அந்தத் தண்ணிய கொட்டிடுங்க, கசந்தா திங்காதீங்க. ஃபேக்டரிக்குப் போற ரகத்த ஆசைக்கு எடுத்து வேகவைக்கவே வேணாம்.

கேள்வி: ஆன்லைன்ல "60 வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அபூர்வ மூங்கில் அரிசி"ன்னு விளம்பரம். நிஜமாவே அவ்ளோ அபூர்வமா, இல்ல டுபாக்கூரா? (திருப்பூர் வாசகர்)

அரிசி நிஜம். மூங்கில்ல முக்காவாசி ஜாதி வாழ்நாள்ல ஒரே தடவதான் பூக்கும், விதை போடும், செத்துடும். எத்தன வருஷம்ங்கறது இனத்துக்கு இனம் மாறும், நம்ம முள்மூங்கிலுக்கு 40, 50 வருஷம்பாங்க. ஒரே காட்டுல இருக்கற மூங்கில் குத்தெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா பூக்கும். அப்ப குத்துக்கு அடில தரைய சுத்தமா பெருக்கி வச்சுட்டு, கொட்டறத பெருக்கி எடுப்பாங்க. அதுக்கும் உமி உண்டு, அதையும் குத்தணும், மறுபடி உலக்கைதான்! ஆனா ஒவ்வொரு மாசமும் ஸ்டாக் தீராம விக்கறாங்கன்னா எந்தக் காட்டுல இருந்து வருதுன்னு கேளுங்க, பச்சைக் கலர்ல பளபளன்னு இருந்தா ரெண்டு தடவ கேளுங்க.

நமக்கு இது அபூர்வம், மிசோரம்ல மூங்கில் பூத்தா கிலி. அங்க 48 வருஷத்துக்கு ஒரு தடவ மலை முழுக்க ஒரு மூங்கில் பூக்கும், "மௌதாம்"னு பேரு, மூங்கில் சாவுன்னு அர்த்தம். கோடிக்கணக்குல விதை கொட்டும், எலிங்க தின்னு தின்னு குட்டி போட்டுப் பெருகும், மூங்கில் விதை தீர்ந்த ராத்திரி அந்தப் படை நேரா மலை நெல்லுக்கு எறங்கும். காலைல பாத்தா வயலே இருக்காது. 1959ல அப்படி ஒரு பஞ்சம். பெருசுங்க முன்னாடியே எச்சரிச்சாங்க, அப்ப அது அசாம் கூட இருந்த மாவட்டம், மேல இருந்தவங்க எலியாவது பஞ்சமாவதுன்னு விட்டுட்டாங்க. பஞ்சத்துக்கு அரிசி சுமக்க ஆரம்பிச்ச அமைப்பே 1961ல மிசோ தேசிய முன்னணிங்கற கட்சி ஆச்சு, 1966ல ஆயுதம் எடுத்தாங்க, 1986 ஒப்பந்தம் வரைக்கும் சண்டை. மூங்கில் பூத்ததுல ஆரம்பிச்ச கதை. அடுத்த சுத்து 2007 வாக்குல பூத்தப்ப எலி வாலுக்கு காசு குடுத்தாங்க, புடிச்சு வாலக் கொண்டுவந்து எண்ணி வாங்கிட்டுப் போனாங்க.

கேள்வி: காட்டுக்கிழங்கு தோண்டறவங்க எல்லாத்தையும் தோண்டிட்டா அடுத்த வருஷம் என்ன பண்ணுவாங்க? (தேனி வாசகர்)

நல்ல கேள்வி, உங்க ஊர்ப்பக்கம் மலைல இருக்கற பளியர் ஜனங்க கிட்ட கேட்டாலே காட்டிடுவாங்க. கவலை, நூறை, வள்ளி எல்லாம் மேல கொடியா ஓடி அடில கிழங்கு விடற ஜாதி. கொடி காயற சமயம் பாத்து பக்கவாட்டுல குழி எடுத்து கிழங்க ஒடைச்சுக்குவாங்க, கொடியோட ஒட்டியிருக்கற தலைப்பகுதிய திரும்ப குழில வச்சு மண்ணத் தள்ளிட்டு வருவாங்க. மழை வந்தா அது தழைக்கும். இது விவசாயமா வேட்டையான்னு கேட்டா ரெண்டுக்கும் நடுவுல. முருகனோட வள்ளி கெடச்சதே வள்ளிக்கிழங்கு தோண்டுன குழிலதானே, பேரே அப்படித்தானே வந்துச்சு. பாரியோட பறம்பு மலைல உழாமலே நாலு பொருள் கெடைக்கும்னு கபிலர் பாடியிருக்காரே புறநானூறு 109ல, மூங்கில் நெல்லு, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேனு. கொல்லிமலைக்கு போயி பாருங்க, பலாவும் தேனும் இன்னிக்கும் ரோட்டோரம் விக்குது.

தெரியாத கிழங்க மட்டும் யூடியூப் பாத்து தோண்டி வேகவைக்காதீங்க. சில ஜாதிய ஓடற தண்ணில நாள்கணக்குல ஊறப் போட்டாத்தான் திங்க முடியும், இல்லன்னா ஆஸ்பத்திரி.

கேள்வி: கொல்லிமலைல "சைவ ஆட்டுக்கால் சூப்" குடிச்சேன். செம டேஸ்ட். மூட்டு வலி போயிடும்னு சொன்னாங்க, நெஜமா? (பெங்களூர் வாசகர்)

முடவாட்டுக்கால். பாறைலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற பெரணிச் செடியோட தண்டு அது, மேல பழுப்பு மயிரு சடசடன்னு இருக்கறதால ஆட்டுக்காலு. தோல சீவி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு கொதிக்க வச்சா, நீங்க சொல்ற மாதிரி செம டேஸ்டு, அதுல பாதி டேஸ்டு மிளகுது, மலை மிளகு அப்படி. மூட்டு வலிக்கு ஊர்ல காலங்காலமா குடிக்கறாங்க. எனக்கு மூட்டு வலி இருக்கு, பதினஞ்சு வருஷமா போற வழியெல்லாம் குடிச்சிருக்கேன், வலி அப்படியேதான் இருக்கு, ஆனா சூப்பு நல்லா இருக்கு.

என் கவலை வேற. முன்னாடி வீட்டுக்கு வேணுங்கறத மட்டும் பேத்தாங்க, இப்ப எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற ஒவ்வொரு காரும் ஒரு கிளாஸு குடிச்சு ஒரு கிலோ கட்டிட்டும் போகுது. பாறைல ஒட்டி வளர்றது, மெதுவாத்தான் வரும். சூப்பு குடிங்க, கிலோ கணக்குல வாங்கி ஃபிரிட்ஜ்ல காய விடாதீங்க.

கேள்வி: அண்ணே, நான் மலேசியாவுல, சரவாக்ல கூச்சிங்ல வேலை பாக்கறேன். இங்கத்த பழங்குடி, இபான் நண்பர் வீட்ல "ராகி போட்டுத்தான் செய்யறோம்"னு ஒரு பானம் குடுத்தாங்க. ராகி கூழு மாதிரியே இல்ல, தலை சுத்துச்சு. என்ன ராகி அது? (கூச்சிங் வாசகர்)

தம்பி, நீங்க குடிச்சது "துவாக்", அரிசிக் கள்ளு! மலாய்ல ராகின்னா ஈஸ்ட்டு, அரிசி மாவுல உருண்டை புடிச்சு காய வச்சிருப்பாங்க, அத வேகவச்ச, பசையா ஒட்டிக்கற அரிசில தூவிப் புளிக்க விட்டா ஆச்சு. நம்ம ராகிக்கும் அதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. ஜூன் 1 அவங்க அறுவடைப் பண்டிகை காவாய், 1965லருந்து அரசாங்க லீவு, அன்னிக்கு பல குடும்பம் ஒரே கூரைல வரிசையா இருக்கற நீள்வீட்டுல கதவுக்குக் கதவு துவாக் குடுப்பாங்க, வேணாம்னா மனசு சங்கடப்படுவாங்க, கொஞ்சமா உதட்டுல வச்சுட்டு சிரிங்க. கோழிய மரவள்ளி இலையோட மூங்கில்ல அடைச்சு சுட்டுத் தந்தா மட்டும் விடாதீங்க. மலை நெல்லு விதைக்கறப்ப போக முடிஞ்சா போங்க, ஆம்பளைங்க வரிசையா குச்சியால குழி குத்திட்டே போவாங்க, பின்னாடியே பொம்பளைங்க விதை போட்டுட்டு வருவாங்க. நடுவுல "பாடி பூன்"னு ஒரு நெல்லு, அது சாமி நெல்லு, தலைமுறையா அந்தந்த குடும்பத்துது. அத விலை பேசிடாதீங்க.

கேள்வி: சாமை விதை வகைங்க பேரு எழுதுறேன்னீங்க, எழுதல. (நாமக்கல் வாசகி)

மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. சாமைல கட்டவெட்டி, மல்லியசாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை, திருகுளசாமை. தினைல பெருந்தினை, செந்தினை, பாலந்தினை, மூக்கந்தினை, கோரந்தினை. கேழ்வரகுல சுண்டங்கி, கரகேழ்வரகு, சட்டை கேழ்வரகு, இன்னும் இருக்கு. ஒரே காட்டுல மேடு ஒரு வகை, பள்ளம் ஒரு வகை, கடுகும் அவரையும் நடுவுல கலந்து விடுவாங்க, ஒண்ணு ஏமாத்துனா ஒண்ணு சோறு போடும். உமியோட தொம்பைல கொட்டி வச்சா வருஷக்கணக்கா கெடும். அடடா, "கெடாது"ன்னு படிங்க, டைப் பண்ணி டைப் பண்ணி விரலு எங்கியோ போகுது.

கேள்வி: வாங்கின சாமை அரிசி ரெண்டே மாசத்துல சிக்கு வாடை. சோறும் குழைஞ்சு போகுது. (கோவை வாசகி)

அது கெட்ட சரக்கு இல்ல, நல்ல சரக்குக்கு வர்ற வாடைதான். தவிடு போகாம உடைச்ச அரிசில எண்ணெய்ப் பசை இருக்கும், உமிய கழட்டிட்டா அது சீக்கிரம் சிக்கடிச்சிடும், அதனாலதான் மலைல முழுசா வச்சிருந்து வேணுங்கறப்ப மட்டும் குத்துவாங்க. ஒரு மாசத்துக்கு மேல வாங்கி வைக்காதீங்க, ஃபிரிட்ஜ்ல வைங்க. வெள்ளை வெளேர்னு ஆறு மாசம் தாங்குதுன்னா பாலிஷ் போட்டதுன்னு அர்த்தம், அதுக்கு நீங்க பொன்னியே சாப்பிட்டுடலாம்.

குழையறதுக்கு: குக்கர் வேணாம். ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டேகால் தண்ணி, நல்லா தளதளன்னு கொதிக்கறப்ப அலசின சாமைய கொட்டி, தண்ணி சோத்து மட்டத்துக்கு வத்துன உடனே தீயக் குறைச்சு மூடி, அஞ்சு நிமிஷத்துல அடுப்ப அணைச்சிடுங்க. பத்து நிமிஷம் மூடிய தொறக்கப்படாது, எட்டிப் பாக்கற ஆசைய அடக்கணும். பச்சை மொச்சைக் கொழம்பு ஊத்தி சாப்பிடுங்க.

கேள்வி: எங்க பாட்டியோட உலக்கை பரண்ல கெடக்கு. வீடு மாத்தறோம். தூக்கிப் போடவும் மனசில்ல, அபார்ட்மென்ட்ல வைக்கவும் எடமில்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? (மதுரை வாசகி)

மொதல்ல அடில இரும்புப் பூண் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆட்டிப் பாருங்க, கழண்டிருக்கும், பரண்ல காஞ்ச உலக்கைக்கு எப்பவும் கழண்டுடும், ஒரு ராத்திரி தண்ணில நிக்க வச்சா கட்டை ஊறி மறுபடி புடிச்சுக்கும். பொண்ணு இருக்குன்னா வச்சுக்கங்க, சடங்கப்ப குறுக்க போட உலக்கை தேடி தெரு முழுக்க அலையற வீட்ட நான் பாத்திருக்கேன், கடைசில கிரிக்கெட் ஸ்டம்ப் போட்டு சமாளிச்சாங்க. கதவுக்குப் பின்னாடி நிக்க வைங்க, நாலடி, அஞ்சடி உலக்கைக்கு ஒரு சாண் எடம் கூட வேணாம். அப்புறம் நடுவுல கை புடிக்கற எடத்த தடவிப் பாருங்க, மத்த எடத்த விட அங்க மட்டும் தேஞ்சு வழுவழுன்னு ஒல்லியா இருக்கும். உங்க கைய அங்க வச்சுப் பாருங்க, பாட்டி கை உங்களுத விட சின்னதா பெருசான்னு எனக்கு எழுதுங்க.